நிறைமாத வீடு



பிள்ளை வளர்ப்பைக் குறித்தும் பிள்ளைகளின் படிப்பைக் குறித்தும் வானொலியிலே எத்தனையோ பேச்சுக்கள் நிகழ்ந்திருக்கின்றன. பிள்ளை பிறப்பதற்கு முன்னுள்ள நாலைந்து வாரங்களைக் குறித்து, அவ்வாரங்களிலே கணவனும் மனைவியும் எவ்வாறு நாளைக் கழிக்கின்றனர், எவ்வாறு கழித்தல் நன்று என்பதைக் குறித்துப் பேசியோர் சிலரே. அது பெண்டிர் காரியம், அல்லது வைத்தியர் காரியம். பாடசாலை அதிபர் ஒருவருக்கு அங்கே என்ன அலுவல் என்று கேட்பவர்கள் உண்டு. மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையிலே அதிபராக இருப்பவரிடம் ஊரார் கொண்டுவரும் கடதாசிகள் பாடசாலைக் கடதாசிகள் மாத்திரம் அல்ல. வங்கிக் கடிதமும் வரும். நீதிமன்ற அழைப்பாணையும் வரும். கர்ப்பவதிப் பதிவேடும் வரும். வாசித்துச் சொல்லுமாறு கேட்டு நிற்பவரின் முகத்தைப் பார்த்த பிறகு, இது என் அலுவலன்று என்று சொல்ல மனம் வருவதில்லை.

“நாள் கிட்டிவிட்டது, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, காத்திருக்க வேண்டியதுதான்.” நிறைமாத வீடுகளிலே இவ்வாசகத்தை அடிக்கடி கேட்கலாம். இதன் முற்பகுதியை ஒப்புக்கொள்கிறேன். பிற்பகுதியை ஒப்புக்கொள்ள இயலாது. செய்ய வேண்டிய காரியங்கள் மிகுதியாக உள்ள காலம் அதுவே. அக்காரியங்களிற் பெரும்பாலானவை கணவனுடைய கையில் இருப்பவை. ஊரை இரண்டாகப் பிரித்துக்கொண்டு ஒரு வாவி கிடக்கும் எங்கள் பகுதியிலே இது மற்றப் பகுதிகளைக் காட்டிலும் அதிகம் பொருந்தும்.

முதலிலே நாட்கணக்கைப் பார்ப்போம். நம் முன்னோர் பத்து மாதம் என்றனர். ஆங்கில வைத்தியர் ஒன்பது மாதம் என்கின்றனர். இரண்டும் ஒரே கணக்குத்தான். கடைசியாக மாதவிலக்குத் தொடங்கிய நாளிலிருந்து 280 நாட்கள் என்பது வைத்தியசாலைக் கணக்கு. 28 நாட்கொண்ட மாதங்களாக அதனை வகுத்தால் பத்து மாதம் வரும்; கலண்டர் மாதங்களாக எண்ணினால் ஒன்பது மாதமும் ஒரு வாரமும் வரும். மாதவிலக்குத் தொடங்கிய திகதியோடு ஏழு நாட்களைக் கூட்டி, மூன்று மாதம் பின்னோக்கி எண்ணினால் அடுத்த ஆண்டில் வரும் திகதி கிடைத்துவிடும். 19ஆம் நூற்றாண்டிலே நேகலே என்னும் ஜெர்மானிய வைத்தியர் பரப்பிய இச்சுருக்க வழியே இன்றும் பயன்படுகிறது. ஆயினும் குறித்த அந்தத் திகதியிலேயே பிறக்கும் பிள்ளைகள் நூற்றுக்கு நாலைந்து பேர்தான். 37 வாரம் நிறைந்ததிலிருந்து 42 வாரம் நிறையும் வரை எந்த நாளிலும் பிள்ளை பிறக்கலாம். குறித்த திகதிக்கு மூன்று வாரம் முன்னும் இரண்டு வாரம் பின்னுமாக ஐந்து வாரங்கொண்ட ஒரு பருவம் அது.

என் பழைய மாணவன் ஒருவன் சில ஆண்டுகளுக்கு முன், பெரும்போக அறுவடைக்குச் சற்று முன்னதாக, மனைவியின் பதிவேட்டை எடுத்துக்கொண்டு வந்தான். கூலிக்கு வெட்டுக்குப் போகிறவன். “சேர், இதில 20ஆம் திகதி எண்டு போட்டிருக்கு. வெட்டு 12க்குத் தொடங்கும். ஒரு கிழம வாடியில நிண்டு உழைச்சுப்போட்டு 19க்கு வந்தாக் காணுந்தானே?” என்று கேட்டான். வயல் வாடி ஊரிலிருந்து தொலைவிலுள்ளது. அங்கே தொலைபேசிக்கு அலையும் கிடைப்பதில்லை. மேற்சொன்ன ஐந்து வாரக் கணக்கை அவனுக்கு விளக்கினேன். கேட்டுவிட்டு, “அப்ப நான் எப்ப போறது சேர்?” என்றான். அவ்வினா அறியாமையினால் எழுந்ததன்று. அந்த ஒரு வாரக் கூலியே பிள்ளை பிறந்த பின் வரும் ஒரு மாதச் செலவு. போடியாரோடு பேசி, ஊருக்கு அண்மையிலுள்ள வயலிலே வேலை பெற்று, இரவிலே வீடு திரும்புவது என்று முடிவாயிற்று. பிள்ளையோ 9ஆம் திகதியே பிறந்துவிட்டது. அவன் வெட்டுக்கு ஒரு நாளும் தவறாமற் போனான்.

இனி, இடத்தைச் சற்று விளக்க வேண்டும். வெளியூர் நேயர்களுக்கு இது தெரியாதிருக்கலாம். மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கிறது. ஞாயிறு எழும் பக்கத்துக் கரை எழுவான்கரை. ஞாயிறு படும் பக்கத்துக் கரை படுவான்கரை. கடலுக்கும் வாவிக்கும் நடுவேயுள்ள ஒடுங்கிய நிலம் எழுவான்கரை. பெருவீதியும், நெருங்கிய குடியிருப்புகளும், காத்தான்குடி, களுவாஞ்சிக்குடி ஆதார வைத்தியசாலைகளும் அப்பக்கத்தில் உள்ளன. போதனா வைத்தியசாலை பட்டினத்திலே இருக்கிறது. படுவான்கரையிலே வயலும், குளமும், மேய்ச்சல் தரையும், காடும், அவற்றுக்கிடையே கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளி, மண்டூர், வவுணதீவு, ஆயித்தியமலை முதலிய ஊர்களும் பரந்து கிடக்கின்றன. நாட்டுக்குச் சோறு போடும் கரை இது. பெரிய வைத்தியசாலை வேண்டுமானால் நீரைக் கடக்க வேண்டும்.

மற்றையோர் வீதிக்குப் பாதை என்று பெயர் சொல்வர். எங்களுக்குப் பாதை என்றால் நீரின்மேலே ஆளையும் வண்டியையும் ஏற்றிச் செல்லும் மிதவை. அம்பிளாந்துறைக்கும் குருக்கள்மடத்துக்கும் இடையிலும், மண்டூருக்கும் குருமண்வெளிக்கும் இடையிலும் நெடுங்காலமாக ஊர்களை இணைத்து வந்தவை இப்பாதைகளே. மண்முனைத்துறையிலும் பாதைதான் ஓடிற்று. 2014ஆம் ஆண்டில் அங்கே பாலம் திறக்கப்பட்டது. அதற்கு முன்னர், இருட்டிய பின் பாதை நின்றுவிடும். நள்ளிரவில் வயிற்றுக்குத்துத் தொடங்கினால், தோணிக்காரரைத் தட்டி எழுப்பி, பாயிலே தாயைக் கிடத்தி, அரிக்கன் லாம்பு ஒன்றைப் பிடித்துக்கொண்டு கடக்க வேண்டும். போர்க்காலத்திலே அதுவும் இயலாதிருந்தது. துறையிலே சோதனைச் சாவடி, இரவிலே ஊரடங்கு, வாவியிலே தோணி கண்டாற் சுடுவார்களோ என்ற அச்சம். அக்காலத்திலே மருத்துவிச்சிகளின் கையிலே பிறந்த பிள்ளைகள் பலர் இன்று என் பாடசாலைப் பிள்ளைகளின் பெற்றோராக இருக்கின்றனர். பிறவாமற் போன பிள்ளைகளும், வீடு திரும்பாத தாய்மாரும் உண்டு. அவர்களை ஊர் மறக்கவில்லை.

தாய் இறப்பதற்குக் காரணம் என்ன என்று உலகெங்கும் ஆராய்ந்த செரீன் தாதியுஸ், டெபோரா மெயின் என்னும் இரு பெண்மணிகள் 1994ஆம் ஆண்டிலே ஒரு கட்டுரை வெளியிட்டனர். மூன்று தாமதங்கள் என்று அவர்கள் அதனை வகுத்தனர். போவதா வேண்டாமா என்று வீட்டிலே முடிவு செய்வதில் ஏற்படும் தாமதம் ஒன்று. வழியிலே ஏற்படும் தாமதம் ஒன்று. வைத்தியசாலையை அடைந்த பின் தகுந்த சிகிச்சை கிடைப்பதில் ஏற்படும் தாமதம் மற்றொன்று. மூன்றாவதை வைத்தியரும் அரசாங்கமும் பார்த்துக்கொள்ளட்டும். முதலிரண்டும் வீட்டாருக்கு உரியவை. அவற்றைத் தீர்ப்பதற்கு உரிய காலம் இந்தக் கடைசி வாரங்களே.

வீட்டிலே முடிவு செய்வோர் யார்? இங்கே மட்டக்களப்பின் தனிவழக்கு ஒன்றைக் குறிப்பிட வேண்டும். யாழ்ப்பாணத்திலும் தமிழகத்திலும் தலைப்பிள்ளைப் பேற்றுக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வருவர். எங்களிடம் அழைத்து வருவதற்கு அவள் எங்கும் போகவில்லை. மணமான பின் ஆண்மகனே பெண்வீட்டுக்கு வருகிறான். வீடு பெண்ணுக்குச் சீதனமாகக் கொடுக்கப்பட்டது. தாய் அதே வளவிலே, அல்லது அடுத்த வளவிலே இருப்பாள். பிறக்கும் பிள்ளை தாயின் குடியைச் சேரும். காத்தான்குடி, ஏறாவூர் முஸ்லிம் மக்களிடத்தும் மருமகன் பெண்வீட்டுக்கு வருவதே வழக்கம். சொத்துரிமையும் ஒருகாலத்தில் தாய்வழியே சென்றது. 1876இல் கிறித்தோபர் பிரிற்றோ வெளியிட்ட முக்குவர் சட்ட நூலிலே அதன் விவரம் காணலாம். அச்சட்டம் வழக்கொழிந்தது, வீடு பெண்ணுக்கு என்னும் வழக்கம் ஒழியவில்லை.

இதனால் விளையும் நன்மை பெரிது. நிறைமாதப் பெண்ணுக்குத் தன் தாய் அருகில், பெத்தா அருகில், பழகிய அடுப்பு, பழகிய கிணறு. மாமிக்கு அஞ்சி நோவை மறைக்க வேண்டிய நிலை இல்லை. ஆனால் கணவன் நிலை வேறு. அவன் அவ்வீட்டின் மருமகன். மாமியும் பெத்தாவும் உள்ளே கூடிப் பேசும்போது அவன் திண்ணையிலோ வேலிப்படலையிலோ நிற்கிறான். “இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பாப்பம் மனே” என்று பெத்தா சொன்னால், அதற்கு எதிர்ச்சொல் சொல்வது மரியாதைக் குறைவென்று நினைக்கிறான். முதலாவது தாமதம் இங்கேதான் நேர்கிறது. பெத்தாவின் அனுபவத்தை நான் குறைவாக மதிக்கவில்லை. ஏழெட்டுப் பெற்று வளர்த்தவர் அவர். ஆனால் இரத்தப்போக்கு பொறுத்துப் பார்க்கக்கூடிய ஒன்றன்று. ஆகவே வலி வருமுன்னரே, ஆறுதலாக ஒரு மாலைப் பொழுதிலே, மாமி, மனைவி, கணவன் மூவரும் இருந்து பேசி, எந்தெந்த அறிகுறி கண்டால் யாரையும் கேளாமற் புறப்படுவது என்று முடிவு செய்துகொள்ள வேண்டும். அன்று பேசி வைத்தால், நடு இரவிலே மருமகன் மாமியை எதிர்க்க வேண்டியதில்லை.

அவ்வறிகுறிகளைக் கணவனும் மனப்பாடமாக அறிந்திருக்க வேண்டும். இரத்தம் படுதல், வலி இல்லாமலே பன்னீர்க்குடம் உடைந்து நீர் வடிதல், விடாத தலைவலி, கண் மங்குதல், முகமும் கையும் திடீரென வீங்குதல், மேல்வயிற்றிலே நோவு, காய்ச்சல், வலிப்பு. தலைவலியும் வீக்கமும் சேர்ந்து வருவது இரத்த அழுத்தத்தின் அடையாளமாக இருக்கலாம். அது வலிப்பிலே முடியக்கூடும். கால் சற்று வீங்குவது நிறைமாதத்திலே பொதுவானது. அதனையும் முகவீக்கத்தையும் ஒன்றாகக் கொள்ளலாகாது. பிள்ளையின் அசைவு இன்னொன்று. கடைசி வாரங்களிலே இடம் நெருக்கமாகிவிடுவதால் பிள்ளை அசையாது என்று சிலர் சொல்வர். இது தவறு. அசையும் விதம் மாறலாம், அசைவு குறையலாகாது. மருத்துவமாது சொல்லிக் கொடுத்தபடி நாள்தோறும் எண்ணிக் குறித்துவர வேண்டும். வழக்கத்திலும் குறைந்தால், மறுநாட் கிளினிக் வரை பொறாமல் அன்றே போக வேண்டும். இரவிலே மல்லாந்து படுப்பதைத் தவிர்த்துப் பக்கவாட்டிலே படுப்பது பிள்ளைக்கு நல்லது.

பொய்வலியும் இக்காலத்திலே வரும். வயிறு இறுகும், சற்று நடந்தால், அல்லது படுத்தால் தணிந்துவிடும், ஒழுங்கில்லாமல் வந்து போகும். மெய்யான வயிற்றுக்குத்து இடைவெளி குறைந்து, வலுக்கூடி, நடந்தாலும் படுத்தாலும் நில்லாமல் வரும். கணவன் கையிலே மணிக்கூட்டை வைத்துக்கொண்டு இடைவெளியைப் பார்த்து எழுதலாம். பரபரப்பிலே அங்குமிங்கும் ஓடுவதைக் காட்டிலும் இது பயனுள்ள வேலை. பொய்வலிக்கு வைத்தியசாலை சென்று திரும்பி வருவதிலே வெட்கம் எதுவுமில்லை. தலைப்பிள்ளைக்கு இரண்டு முறை போய் வந்த வீடுகள் எத்தனையோ.

இரண்டாவது தாமதம் வழி. பாலம் வந்துவிட்டதே, இன்னும் என்ன என்று கேட்கலாம். பாலத்துக்கு வந்து சேரும் வரையிலுள்ள உள்வீதியையும் எண்ண வேண்டும். ஐப்பசியிலிருந்து தை வரை வடகீழ்ப் பருவமழை. குளங்கள் வான்பாயும், தாம்போதிகளுக்கு மேலால் நீர் பாயும். கிரானிலிருந்து புலிபாய்ந்தகல்லுக்குச் செல்லும் வீதி பெருவெள்ளத்திலே மூழ்கும்போது படகுதான் போக்குவரத்து. 2011ஆம் ஆண்டுத் தைமாதத்து வெள்ளத்திலே மாவட்டத்தின் பெரும்பகுதி நீருள் கிடந்ததை நாமெல்லாம் கண்டோம். 1978ஆம் ஆண்டு கார்த்திகைச் சூறாவளியைக் கண்ட மூத்தோர், மரங்கள் வீழ்ந்து வீதி முழுவதும் அடைபட்டுக் கிடந்த நாட்களை இன்றும் சொல்வர். மழை இல்லாத காலத்திலே காட்டு யானை. எல்லைப்புற ஊர்களிலே இரவில் வெளிக்கிடுவதற்கு ஓட்டோக்காரர்கள் தயங்குவர். அவர்களைக் குறைகூற முடியாது.

ஆகவே, மாரியிலே நாட் கிட்டியுள்ள தாய் உட்கிராமத்தில் இருந்தால், எழுவான்கரையிலோ பட்டினத்திலோ உள்ள உறவினர் வீட்டுக்கு முன்னரே வந்திருப்பது நன்று. உறவினர் இல்லாதவர் மருத்துவமாதிடம் நிலைமையைச் சொன்னால், முன்கூட்டியே வைத்தியசாலையில் அனுமதி பெற வழி செய்வார். 1990 என்னும் இலக்கத்துக்குத் தொலைபேசி எடுத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். 2016ஆம் ஆண்டிலே இந்திய உதவியுடன் தொடங்கி, பின்னர் தீவெங்கும் விரிந்த சேவை அது. எனினும் அதனை மாத்திரம் நம்பியிராமல், ஊரிலே ஓட்டோ வைத்திருக்கும் இருவரிடம் முன்னரே பேசி வைக்க வேண்டும். ஒருவர் என்றால், அவர் அன்றைக்குக் கல்யாண வீட்டுக்குப் போயிருப்பார். அவர்களுடைய இலக்கங்களையும் மருத்துவமாதின் இலக்கத்தையும் பெரிய எழுத்திலே எழுதி, பெத்தாவின் கண்ணிலும் படும்படி கதவிலே ஒட்டி வைப்பது நன்று. தொலைபேசியிலே பதிந்திருக்கிறது என்பர். அத்தொலைபேசியைச் சட்டைப்பையிலே போட்டுக்கொண்டு கணவன் வயலுக்குப் போயிருப்பான்.

இவ்வளவும் பயமுறுத்துவதற்காகச் சொல்லப்படுகின்றனவோ என்று நிறைமாதத் தாய் யாரேனும் கேட்டுக்கொண்டிருந்தால், அவருக்கு மற்றப் பக்கத்தையும் சொல்ல வேண்டும். 1934, 1935ஆம் ஆண்டுகளிலே மலேரியாக் கொள்ளைநோய் பரவிய காலத்தில், இந்நாட்டிலே நூறாயிரம் பிள்ளைப்பேறுகளுக்கு 2,000க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தனர். அஃதாவது ஐம்பது தாய்மாரில் ஒருவர். அண்மைய ஆண்டுகளிலே அத்தொகை முப்பது நாற்பது என்ற அளவுக்கு இறங்கியிருக்கிறது. ஒரேயொரு பெரிய கண்டுபிடிப்பால் நிகழ்ந்த மாற்றமன்று இது. 1879இல் கொழும்பிலே டி சொய்சா பிரசவ மனை தொடங்கியது, 1926இல் களுத்துறையிலே முதலாவது சுகாதாரப் பிரிவு அமைந்தது, மலேரியா அடக்கப்பட்டது, பயிற்றப்பட்ட மருத்துவமாது ஊரூராகச் சென்றார். 1947க்கும் 1950க்கும் இடைப்பட்ட குறுகிய காலத்திலேயே இறப்பு வீதம் ஏறத்தாழப் பாதியாக வீழ்ந்தது. எங்களைவிடப் பன்மடங்கு செல்வமுள்ள நாடுகள் சிலவும் இந்நாட்டைப் பார்த்து வியந்து எழுதியிருக்கின்றன. இன்று குடும்பநல உத்தியோகத்தர் என வழங்கும் அம்மருத்துவமாது, வெயிலிலும் சேற்றிலும் வீட்டுக்கு வந்து, நாடி பார்த்து, பதிவேட்டிலே கையொப்பமிட்டுப் போகிறாரே, அக்கையொப்பங்களாலேயே அத்தொகை இறங்கிற்று. அவருக்கு ஒரு கதிரையும் ஒரு செம்புத் தண்ணீரும் கொடுத்து, அவர் சொல்வதைக் கணவனும் பக்கத்திலே நின்று கேட்பது முறை. பல வீடுகளிலே அவர் வந்ததும் ஆண்மகன் எழுந்து பின்வளவுக்குப் போய்விடுகிறான்.

உணவைப் பற்றிச் சில வார்த்தை. சூடு, குளிர்ச்சி என்னும் கணக்கு எங்கள் வீடுகளிலே வேரூன்றியது. பப்பாசி சூடு, அன்னாசி சூடு, இது ஆகாது, அது ஆகாது என்று பெரியோர் விலக்குவர். இரண்டொரு பழத்தை விலக்குவதால் நட்டமில்லை. வேறு பழம் உண்ணலாம். அதற்காகப் பெத்தாவோடு வழக்காட வேண்டாம். ஆனால் பிள்ளை பெருத்தால் பேறு கடினமாகும், ஆகவே குறைத்து உண் என்று சொல்லும் வீடுகள் சில உண்டு. இதனை ஒருபோதும் ஏற்கலாகாது. கடைசி வாரங்களிலேதான் பிள்ளை நிறை கூடுகிறது. 1973ஆம் ஆண்டிலிருந்து தாய்மாருக்கென்று வழங்கப்பட்டுவரும் திரிபோஷாவை வீட்டிலுள்ள எல்லோரும் உருண்டை பிடித்துத் தின்றுவிடுவதையும் கண்டிருக்கிறேன். சிறுபிள்ளைகள் கேட்டாற் கொடாமல் இருக்கத் தாய் மனம் இடந்தராது என்பது உண்மையே. அதைத் தாய்க்கென்று எடுத்து ஒளித்து வைக்கும் வேலையையும் கணவனே ஏற்றுக்கொள்ளலாம். இரும்புச் சத்துக் குளிகையைத் தேநீரோடு விழுங்கினால் அதன் பயன் பெரிதும் குறைந்துவிடும். தேசிக்காய்த் தண்ணீரோடு விழுங்குவது நல்லது. இந்த ஒரு செய்தியை மாத்திரம் நேயர்கள் இன்று நினைவில் வைத்துக்கொண்டாலும் எனக்கு மகிழ்ச்சி. எங்கள் ஊரிலே எதற்கும் தேநீர்தான்.

தந்தையாகப் போகிறவனைப் பற்றி இனிப் பேச வேண்டும். புறநானூற்றிலே பொன்முடியார் தாய்க்கும் தந்தைக்கும் கொல்லனுக்கும் வேந்தனுக்கும் வெவ்வேறு கடன் வகுத்தார். பாடசாலையிலே அப்பாட்டைப் பலமுறை கற்பித்திருக்கிறேன். அதிலே தந்தையின் கடன் பிள்ளை வளர்ந்த பிறகு தொடங்குவதாகவே தோன்றும். நம் பழைய ஆசாரமோ அவனை முன்னதாகவே பிணைத்து வைத்திருந்தது. கர்ப்பவதியின் கணவன் தூரப் பயணம் போகலாகாது, பிணங் காவலாகாது, கடலிலே முழுகலாகாது, முகமயிர் களையலாகாது என்றெல்லாம் விலக்குகள் இருந்தன. முகமயிருக்கும் பிள்ளைக்கும் என்ன தொடர்பு என்று இளைஞர் சிரிப்பர். சிரிக்கட்டும். தூரப் பயணம் வேண்டாம் என்பதிலே உள்ள அறிவை அவர்கள் தள்ளிவிடாதிருந்தாற் போதும். வீட்டை விட்டு அகலாதே, ஆபத்தான வேலைக்குப் போகாதே என்பதே அவ்விலக்குகளிற் பலவற்றின் உட்பொருள் என்று நான் கருதுகிறேன்.

இன்று அதனைக் கைக்கொள்வது எளிதன்று. அரசாங்க உத்தியோகத்திலுள்ள தாய்க்கு முழுச் சம்பளத்தோடு 84 வேலைநாள் விடுமுறை உண்டு; தந்தைக்கு மூன்று நாள். கடற்றொழில் செய்பவனுக்கும் கூலிக்கு அறுப்பவனுக்கும் அம்மூன்று நாளும் இல்லை. மத்திய கிழக்கு நாடுகளிலே வேலை செய்பவன் பிள்ளையின் முகத்தைத் தொலைபேசித் திரையிலே காண்கிறான். இருப்பவனுக்கோ வேறொரு துன்பம். அவனுக்கும் அச்சம் உண்டு. அதனைச் சொல்வதற்கு இடமில்லை. மனைவியிடம் சொன்னால் அவள் கலங்குவாள். மாமியிடம் சொல்வது முறையன்று. நண்பரிடம் சொன்னால் நகைப்பர். ஆகவே அவன் வேலி அடைக்கிறான், கூரைக்குக் கிடுகு மாற்றுகிறான், கேளாமலே விறகு கொத்தி அடுக்குகிறான். சிலர் சாராயக் கடைக்குப் போகின்றனர். வலி வரும் இரவிலே நிதானமில்லாத கணவன் எவருக்கும் பயன்படமாட்டான் என்பதை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். மற்றவர்களுடைய வேலி அடைப்பும் விறகு கொத்தலும் அன்பின் மொழியே. அவற்றோடு, பின்னேரத்திலே மனைவியோடு வாவிக்கரையிலே அரைமணி நேரம் நடந்து, பயமாக இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டால், அவளும் தன் பயத்தைச் சொல்வாள். இருவருடைய பயமும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும்.

பிள்ளை பிறக்குமுன் புத்தாடை வாங்குவது எங்கள் வழக்கமன்று. பழைய வேட்டியையும் சேலையையும் துவைத்து, வெயிலிலே உலர்த்தி, கிழித்து மடித்து வைப்பர். பலமுறை துவைத்துப் பதமான துணி பிள்ளையின் தோலுக்கு ஏற்றது. அத்துணிகளையும், தாயின் மாற்றுடைகளையும், பதிவேட்டையும், அடையாள அட்டையையும், கொஞ்சப் பணத்தையும் ஒரு பையிலே இட்டு, இரவிலும் கை தொடும் இடத்திலே மாட்டி வைக்க வேண்டும். பதிவேடு இல்லாமற் போனால், வைத்தியர் ஒன்பது மாதத்தையும் புதிதாகக் கேட்டறிய வேண்டி வரும்.

இந்நாட்களிலே ஒவ்வொரு வீடும் தன் தெய்வத்தை நாடும். கண்ணகை அம்மனுக்கு நேர்த்தி வைப்பர். கொக்கட்டிச்சோலைத் தாந்தோன்றீஸ்வரருக்கும் மண்டூர் முருகனுக்கும் வேண்டுவர். ஆயித்தியமலை மாதாவிடம் செல்வர். முஸ்லிம் பெண்கள் குர்ஆனிலே மர்யம் அத்தியாயத்தை ஓதுவர். மூன்று சமயத்தாரும் ஒரே வைத்தியசாலையின் ஒரே விறாந்தையிலே காத்திருக்கின்றனர். உள்ளே செல்ல ஒரு பெண் துணைக்கு இடங்கொடுக்கும் வைத்தியசாலைகளிலும் கணவன் பெரும்பாலும் வாயிலோடு நிறுத்தப்படுகிறான். அங்கே நிற்கும் ஆண்களைக் கவனித்திருக்கிறேன். முன்பின் அறியாதவர்கள் வெற்றிலைப் பையை மாற்றிக்கொள்வர்; ஒருவர் தேநீர் வாங்கப் போனால் மற்றவருக்கும் வாங்கி வருவர். தாதி வந்து ஒரு பெயரைச் சொன்னால் அத்தனை பேரும் எழுந்து நிற்பர்.

பிள்ளை பிறந்த செய்தி வந்ததும் தந்தைக்கு முதலாவது எழுத்து வேலை காத்திருக்கிறது. 42 நாட்களுக்குள் பிறப்பைப் பதிவு செய்ய வேண்டும். போர் ஆண்டுகளிலே பிறந்த பலருக்குப் பதிவு இல்லாமல், பின்னர் பரீட்சைக்கும் அடையாள அட்டைக்கும் அவர்கள் அலைந்ததை நான் அறிவேன். எனவே, பெயரைப் பற்றிய பேச்சையும் இந்தக் காத்திருக்கும் வாரங்களிலேயே முடித்துவிடுவது நல்லது. எண்கணிதம் பார்ப்பவர் ஓர் எழுத்தும், மாமன் ஓர் எழுத்தும் சொல்லி இழுபடாமல் இருக்கும். முடிவான பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு கடதாசியிலே தெளிவாக எழுதி, தாயிடம் ஒருமுறை காட்டி, அதனையே பதிவாளரிடம் கொடுக்கவும். முதலாம் வகுப்புக்கு வரும் பிள்ளைகளிலே, தகப்பன் சொன்ன பெயர் ஒன்று, தாய் அழைக்கும் பெயர் ஒன்று, சான்றிதழிலே உள்ள பெயர் இன்னொன்று என்று ஆண்டுதோறும் இரண்டு மூன்று பேராவது வருகின்றனர். அதனைத் திருத்துவதற்குக் கச்சேரிக்கு எத்தனை முறை நடக்க வேண்டும் என்பதை அனுபவித்தவர்களிடம் கேட்டுப் பார்க்கலாம்.